பானட் புடைத்திருந்தால் எம்ஜிசி ஆகிவிடுமா?

இங்கிலாந்தில் ஆபிங்டன் பக்கம் ஒரு பழைய கார் சந்தையில் ‘எம்ஜிசி, 1968’ என்று அட்டை வைத்து ஒரு திறந்த கார் விலைக்கு நின்றது. எம்ஜிசி என்பது பிரிட்டிஷ் எம்ஜி நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் ஆறு சிலிண்டர் வடிவம். பானட்டில் அந்தப் பேர்போன புடைப்பு, அதன்மேல் கார்புரேட்டருக்காக இன்னொரு துளிப் புடைப்பு, குறுக்கே குரோம் பட்டை. எல்லாம் சரியாகவே இருந்தது, சக்கரத்தைத் தவிர. எம்ஜிசிக்கு 15 அங்குலச் சக்கரம். இதில் இருந்தவை எம்ஜிபியின் 14 அங்குலச் சக்கரங்கள்.

பானட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே நான்கு சிலிண்டர், 1798 சிசி. எம்ஜிசி என்றால் ஆறு சிலிண்டர், 2912 சிசி இருக்க வேண்டும். அந்த நீண்ட, உயர்ந்த என்ஜினை அடக்கத்தான் ரேடியேட்டரை முன்னே தள்ளி, பானட்டையும் உப்பவைத்தார்கள். குனிந்து பார்த்தால் முன் சஸ்பென்ஷனிலும் எம்ஜிசிக்குரிய டார்ஷன் பார் (வில்லுக்குப் பதிலாக முறுக்கிக்கொடுக்கும் தண்டு) இல்லை, எம்ஜிபியின் சுருள்வில்தான். சேசிஸ் எண்ணும் ‘ஜிஎச்என்’ என்றே தொடங்கியது. திறந்த எம்ஜிசிக்கு அது ‘ஜிசிஎன்’. “பானட் மட்டும் யாரோ மாற்றியிருக்கிறார்கள்” என்று விற்பவர் அமைதியாகச் சொன்னார். அட்டையை மட்டும் எடுக்கவில்லை!

எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் வைத்த எம்ஜிபி விஷயத்தில் இதைவிட வேடிக்கை உண்டு. ரோவரின் 3528 சிசி அலுமினிய வி8 என்ஜினை 1973 முதல் 1976 வரை தொழிற்சாலை பொருத்தியது கூரையுள்ள ஜிடியில் மட்டுமே. மொத்தம் 2,591 கார்கள். ஆகவே அந்தக் காலத்துத் திறந்த எம்ஜிபி வி8 என்று யாராவது காட்டினால், அது ஏதோ ஒரு பட்டறையில் பிறந்தது. ஓட்டுவதற்கு அருமையாக இருக்கலாம், அதில் எனக்கு வழக்கில்லை. தொழிற்சாலை வி8 விலையைக் கேட்பதுதான் அநியாயம். (1990களில் தொழிற்சாலையிலிருந்தே வந்த திறந்த வி8 காரான ஆர்வி8 வேறு கதை.)

சாதாரண எம்ஜிபியிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. 1964 இறுதிவரை வந்தவற்றில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மூன்று பேரிங், பிறகு ஐந்து. என்ஜின் எண்ணின் தொடக்கம் 18ஜி, 18ஜிஏ என்றால் மூன்று. 18ஜிபி முதல் ஐந்து. ஆனால் இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ கார்களுக்கு என்ஜின் மாறியிருக்கும். அந்த எண் என்ஜினின் ஜாதகத்தைத்தான் சொல்லும், காரின் ஜாதகத்தை அல்ல. காருக்கு வேண்டுமென்றால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பாரம்பரியச் சான்றிதழ் வாங்கலாம். கட்டணம் உண்டு, தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து தருகிறார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேளுங்கள்.