புதுப்பிப்பு: திருநங்கை வில்லிசைக் கலைஞர்கள் ஆவணப்படம், ஒலிப்பதிவும் ஒப்புதலும்
கோயில் கொடைவிழாவில் வில்லிசைப் புலவரின் (முதன்மைப் பாடகரின்) குரலை, தாளத்துக்கு அடிக்கும் குடம் மூழ்கடிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தோம். ஒரே மைக்கை நம்பியதுதான் காரணம். இப்போது புலவரின் நெஞ்சில் காலர் மைக். குடத்திலிருந்து இரண்டடி தள்ளி, சாய்வாக இன்னொன்று. குடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் காற்று மோதி ஒலி உடையும். பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில். வில்லில் வீசுகோல் (அடிக்கும் கோல்) விழுந்ததும் வில்மணிச் சத்தம் எகிறும், அதனால் உச்சத்தை மைனஸ் 12 டெசிபலில் நிறுத்துங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்று மைக்கின் பஞ்சு உறைக்கு அடங்காது. ரோம உறை கட்டாயம்.

இதைவிட முக்கியம்: கோயில் கொடைகளில் நடக்கும் இன்னொரு கலையான கணியான் கூத்தில் பெண்வேடம் கட்டுபவர் எல்லாரும் திருநங்கையர் அல்லர். அவரவர் சொல்லாமல் திரையில் அப்படி எழுதாதீர்கள். திருநங்கையரின் பழைய (பிறந்தபோது வைத்த) பெயரும் வேண்டாம்.

ஒப்புதலை இருமுறை வாங்குங்கள்: படமெடுக்கும் முன், எடிட்டைக் காட்டிய பின். மறுத்தால் காட்சியையே வெட்டுங்கள். முகத்தை மங்கலாக்கினாலும் குரலை ஊரார் கண்டுபிடித்துவிடுவார்கள்.