ஆடி வெள்ளி மாவிளக்கு: விரிசல் விட்டு நெய் ஒழுகுகிறது

கித்தாமரம்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு 24 மாவிளக்கு வேண்டும். பாக்கெட் அரிசிமாவில் வெல்லம் போட்டுப் பிடித்தால், ஏற்றிய கொஞ்ச நேரத்தில் வெடித்து நெய் தட்டில் ஓடுகிறது. தண்ணீர் தெளித்தால் குழைகிறது. வெல்லத்துக்குப் பதில் கூலா மெலாக்கா (தென்னங்கருப்பட்டி) போடலாமா? அரிசி எவ்வளவு?

செம்பனை:
பாக்கெட் மாவு வேண்டாம், அது காய்ந்த மாவு. ஊறின அரிசியின் ஈரமும் வெல்லமும்தான் பிடிமானம்; தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது.

1 கிலோ பச்சரிசி போதும், விளக்கு பெரிய எலுமிச்சை அளவு வரும். புழுங்கலரிசி, புளூட் (ஒட்டும் பசையரிசி) இரண்டும் ஆகாது. 2 மணி நேரம் ஊறவைத்து வடித்து, வேட்டித் துணியில் நிழலில் அரை மணி உலர்த்துங்கள். கையில் ஒட்டக்கூடாது, ஆனால் அரிசி சில்லென்று இருக்கணும். பிளெண்டரில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலியுங்கள். கப்பியை மறுபடி அரைக்கணும், அது தங்கினால் அங்கேதான் விரிசல் விழும்.

துருவிய வெல்லம் 600 கிராம், ஏலக்காய், சுக்கு, 3 கரண்டி நெய். வெல்லத்தில் கட்டி இருந்தால் சூட்டில் உருகி ஓட்டையாகிவிடும். கூலா மெலாக்காவில் ஈரம் அதிகம், விளக்கு உட்கார்ந்துவிடும்.

பால்வாளி:
குழியையும் கவனியுங்கள். சுவர் ஒரு விரல் கனம் இருக்கட்டும், உள்ளே நெய் தடவி வழுவழுப்பாக்குங்கள். நெய்யைச் சூடாக ஊற்றவே கூடாது, வெல்லம் இளகிவிடும். அகலில் போடுவதுபோல் திரியை ஓரத்தில் சாய்த்தால் சுடர் சுவரைக் கருக்கி வெடிக்க வைக்கும். நெய்யில் ஊறிய பூத்திரியை நடுவில் நிமிர்த்தி வையுங்கள். சூடம் வைக்காதீர்கள். பிரசாதமாகச் சாப்பிடுகிற மாவு அது.

கித்தாமரம்:
பூசை மாலை 7 மணிக்கு. காலையிலேயே பிசைந்து வைக்கலாமா?

செம்பனை:
கூடாது. வெல்லம் நம் ஊர்ப் புழுக்கத்தில் நீர்விட்டு மாவைத் தளர்த்திவிடும். மாவை மட்டும் காலையில் அரைத்து, மூடிய டப்பாவில் ஐஸ்பெட்டியில் வையுங்கள். 5 மணிக்கு மேல் வெல்லம் சேர்த்தால் போதும்.

பால்வாளி:
விளக்கை ஊதி அணைக்காதீர்கள், தானாக மலையேறட்டும். பிறகு கருகின இடத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, தேங்காய்ச் சில்லு கலந்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஈரமாவு, மறுநாள் புளித்துவிடும்.