தாம்பரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இருவரும் சைக்கிளில்: எந்த மாதம், எந்த வழி, பணத்தை எப்படி வாங்குவது?

தாம்பரம்_டீச்சர் கேட்டது:

வணக்கம். எனக்கு 49 வயது, என் வீட்டுக்காரருக்கு 53. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் வரை சைக்கிளில் போய் வருகிறோம். ஒரே நாளில் 100 கி.மீ. ஓட்டியது ஒரே ஒரு தடவைதான்.

என் மாமியாருக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பதினான்கு மாதம் சிகிச்சை நடந்தது. போன ஆவணியில் தவறிவிட்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் 12 படுக்கையோடு ஆரம்பித்த இடம் அது. அங்கே காத்திருந்த நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் ஊர் கேட்டால் வேதாரண்யம், தொண்டி, சாயல்குடி, வேம்பார் என்பார்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து, ஊசி போட்டுக்கொண்டு, அன்று ராத்திரியே திரும்புகிறவர்கள். அந்த ஊர்கள் வழியாகவே சைக்கிளில் போய், ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குப் பணம் திரட்டலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

திருச்சி, மதுரை வழியாகப் போனால் தூரம் குறைவு, தங்க இடமும் நிறைய என்கிறார் இவர். எனக்குக் கடற்கரைச் சாலைதான். பள்ளி விடுமுறை என்பதால் மே கடைசியில் போகலாமா? இவர் வேகமாக மிதிப்பார், நான் மெதுவாகத்தான் வருவேன். கோவளம் போவதற்குள்ளேயே மனஸ்தாபம் வந்துவிடுகிறது, பத்து நாளுக்கு என்ன செய்வது? பணத்தை எங்கள் கணக்கில் வாங்கி மொத்தமாகக் கட்டுவது சரியா? மகளுடைய சிநேகிதிகள் அமெரிக்காவிலிருந்து அனுப்புகிறேன் என்கிறார்கள். பெண்கள் யாராவது அந்த வழியில் போயிருந்தால், வழியில் கழிப்பறை வசதி எப்படி என்றும் சொல்லுங்கள்.

பனங்காட்டுப்பாதை எழுதியது:

டீச்சரம்மா, கடற்கரைச் சாலையிலேயே போங்கள். 2023 பொங்கல் முடிந்து நானும் என் மனைவியும் செங்கல்பட்டிலிருந்து அந்த வழியாகத்தான் போனோம். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி நிவாரணம் பார்க்கிற ஒரு சின்ன அறக்கட்டளைக்காகப் போனது. பதினொரு நாள், அதில் ஒரு நாள் வேளாங்கண்ணியில் ஓய்வு. மீட்டரில் 760 கி.மீ. சொச்சம். எனக்கு அப்போது 58, அவளுக்கு 54.

மே மாதம் வேண்டாம். வெயிலை விடுங்கள், விடியுமுன் கிளம்பி பத்து மணிக்கு நிழலுக்குள் போய்விடலாம். காற்றை என்ன செய்வீர்கள்? மே கடைசியிலிருந்து தென்மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும். நீங்கள் போவதோ தெற்கே. தூத்துக்குடிக்குக் கீழே அது முகத்தில் அறையும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே இந்தக் காற்றை நம்பித்தான். ஜனவரியில் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வந்து முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். நாகைக்குத் தெற்கே ஒரு நாள் காலை மிதிக்கிற சிரமமே தெரியாமல் மணிக்கு 22 கி.மீ. போனோம். நவம்பரும் ஆகாது, அது புயல் மாதம். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தது நீங்கள் போகப்போகிற அதே வேதாரண்யம் பக்கம்தான். பொங்கலை ஒட்டி லீவு போட முடியுமா பாருங்கள்.

வேக விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

முதல் நாள் நான் முன்னால் போனேன். பதினைந்து கி.மீ.க்கு ஒரு தடவை புளியமரமோ டீக்கடையோ பார்த்து நின்று, அவள் வரும்வரை காத்திருப்பேன். வந்ததும் "சரி, போலாமா?" என்று கிளம்பிவிடுவேன். பொறுமையாக அழைத்துப் போவதாகத்தான் என் நினைப்பு. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் அப்படி நான்காவது தடவை நின்றேன். பாத்திகளில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. அவள் வந்தாள், சைக்கிளை ஸ்டாண்டு போட்டாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நீங்க நாலு தடவை உட்கார்ந்து எழுந்துட்டீங்க. நான் காலைல இருந்து ஒரு தடவைகூட உட்காரல" என்றாள். அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. எனக்கு ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் அவள் மிதித்துக்கொண்டிருக்கிறாள். அவள் வந்து சேர்ந்ததும் நான் கிளம்பிவிடுகிறேன். அப்படியென்றால் பலம் குறைந்தவருக்குத்தான் ஓய்வே இல்லை.

அங்கிருந்து கன்னியாகுமரி வரை அவள்தான் முன்னால். எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, இன்றைக்கு எந்த ஊரோடு போதும் என்பதெல்லாம் அவள் முடிவு. மணிக்கு 15, 16 கி.மீ.தான் வந்தது, ஆனால் ஓட்டிய ஒரு நாளும் 70 கி.மீ.க்குக் குறையவில்லை. சச்சரவும் இல்லை. கடல்காற்று குறுக்கே அடிக்கிற பிற்பகல்களில் மட்டும் காற்று வருகிற பக்கம் நான் போய், அவளுக்கு மறைப்பாக ஓட்டினேன். அப்போதும் "குறைங்க" என்று அவள் சொன்னால் குறைப்பேன். இதை இங்கிருந்து கிளம்புமுன்பே பழகுங்கள். அடுத்த ஞாயிறு கோவளத்துக்கு நீங்கள் முன்னால் போங்கள்.

அப்புறம் முள். சாயல்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். கரிமூட்டம் போட அந்த விறகை வெட்டி லாரியில் ஏற்றிப் போவார்கள், முள் சாலையோரமெல்லாம் உதிர்ந்து கிடக்கும். வேம்பாருக்குள் நுழைவதற்குள் அவளுடைய பின்சக்கரம் மூன்று தடவை பஞ்சர். ஒவ்வொரு தடவையும் டியூப்பை மாற்றினேன், டயருக்குள் விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. வேம்பாரில் ஒரு பஞ்சர் கடைப் பெரியவர் டயரைக் கழற்றி, கொஞ்சம் பஞ்சைக் கையில் எடுத்து உள்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பஞ்சு இழை பிடித்துக்கொண்டு நின்றது. அந்த இடத்தை மடக்கிக் குறடால் இழுத்தார். அரைக் கடுகு அளவுக்கு ஒரு கறுப்பு முனை! முள் ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கி, புது டியூப்பையும் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து என் பையில் ஒரு சின்ன உருண்டை பஞ்சு இருக்கிறது. கியர் சைக்கிள் டியூப் சின்ன ஊர்களில் கிடைக்காது, ஆளுக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வால்வு ஒல்லியாக இருந்தால் அதற்கான அடாப்டரும் வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரர் பம்ப் பொருந்தாது.

பணம் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது. நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம். முதல் வாரம் தெரிந்தவர்கள் என் நம்பருக்கே அனுப்பினார்கள், 43,500 ரூபாய் சேர்ந்தது. எங்கள் குடியிருப்புக் குழுவில் ஒருவர் "லாட்ஜ் செலவும் இதிலதானா?" என்று கேட்டுவிட்டார். எங்கள் சாப்பாடு, தங்கல், டயர் எல்லாம் எங்கள் கைக்காசு. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளே மொத்தத்தையும் அறக்கட்டளையில் கட்டி, ரசீதைக் குழுவில் போட்டேன். அதற்கப்புறம் அவர்களுடைய க்யூஆர் கோடை அச்சடித்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டோம். கொடுக்கிறவர் போனில் நிறுவனத்தின் பெயர் தெரிய வேண்டும், உங்கள் பெயர் தெரியக் கூடாது. நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதி, அனுமதிக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உவரி_மருமகள் எழுதியது:

அக்கா, திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில்தான் எங்கள் ஊர். தூத்துக்குடியிலிருந்து உவரி வரை நானே ஓட்டியிருக்கிறேன்.

கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க்தான் கதி. கழிப்பறை, குடிதண்ணீர், சக்கரத்துக்குக் காற்று மூன்றும் அங்கே இலவசமாகத் தந்தாக வேண்டும். பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் ஆபீஸில் சாவி கேளுங்கள். பங்க் இல்லாத இடத்தில் தேவாலயம், கோயில், பள்ளிவாசல் பக்கம் போனால் யாராவது ஒரு பெண் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவார். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் ஓட்டாதீர்கள். நான் அப்படிச் செய்து நீர்க்கடுப்பில் ஒரு வாரம் அவதிப்பட்டேன்.

தையல் தொடையில் உரசாத பேடு வைத்த ஷார்ட்ஸ் வாங்கி, மேலே தளர்வாகச் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா வேண்டாம், சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். தினமும் கிளம்புமுன் தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெய்.

வேளாங்கண்ணியில் தங்குவதானால் கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி போகாதீர்கள், அறையே கிடைக்காது. ஜனவரியில் எங்கள் பக்கம் வந்தால் அவித்த பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்கும். தோலை உரித்து, நடுத்தண்டையும் நாரையும் எடுத்துவிட்டு, மிளகுத்தூள் உப்போடு சாப்பிடுங்கள். இரண்டு கிழங்கில் மதியம்வரை பசிக்காது.

கணக்கர்_மயிலை எழுதியது:

பணம் பற்றி மேலே சொன்னது சரி, நேரே நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். வருமான வரியில் நன்கொடைக்கான கழிவு கேட்பவர்கள் பெயர், முகவரி, பான் எண்ணை நிறுவனத்துக்குத் தர வேண்டும். அதை வைத்துத்தான் நன்கொடைச் சான்றிதழ் தருவார்கள். உங்கள் கணக்கில் வாங்கி நீங்கள் கட்டினால் சான்றிதழ் உங்கள் பெயரில் வரும், கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது, முன்பே சொல்லிவிடுங்கள்.

மகளின் சிநேகிதிகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், தமிழர்களே ஆனாலும் அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவுள்ள நிறுவனம், டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென வைத்திருக்கும் கணக்கில்தான் வாங்க முடியும். இந்தப் பணத்தை எக்காரணம் கொண்டும் உங்கள் கணக்கில் வாங்காதீர்கள்.

தாம்பரம்_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மரக்காணத்துப் பத்தியை இவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நானும் அப்படித்தானே செய்யறேன்" என்றார்.

இந்த ஞாயிறு நான் முன்னால் போனேன். கோவளத்துக்கு வழக்கத்தைவிடப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல். இட்லிக்கடையில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தோம், அது இதுவரை நடந்ததே இல்லை. பொங்கலுக்கு அப்புறம் பதினைந்து நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். மருத்துவமனைக்கும் அனுமதி கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. முள் எடுத்துப் பழக ஒரு பழைய டயர் வேண்டும் என்று இவர் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். மாமியாரின் மருந்துப் பெட்டியில் ஒரு பொட்டலம் பஞ்சு மிச்சம் இருந்தது, அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.