புகை இல்ல பாஸ், வெறும் ஆவின்னு சொன்னா விட்டுடுவாங்களா? (வேப், அதாவது இ-சிகரெட் அனுபவங்கள்)

ஜன்னலோரம்
ஃப்ளைட்ல நடந்தது. பக்கத்து சீட்டுத் தம்பி டாய்லெட் போயிட்டு வந்து உக்காரல, அதுக்குள்ள பின்னாடியே க்ரூ வந்துட்டாங்க, உள்ள அலாரம் அடிச்சிருக்கு. "சிகரெட் இல்லைங்க, வேப்தான்"னு என்னமோ அது நல்ல விஷயம் மாதிரி சொல்றாரு. ஸ்மோக் டிடெக்டருக்கு அந்த வித்தியாசமெல்லாம் ஏது, கெட்டியா ஆவி போனாலும் கத்தும். அமெரிக்காவுல 2016லயே விமானத்துல சிகரெட்டுக்கு உள்ள தடை இதுக்கும் சேர்த்துதான்னு எழுதி வெச்சிட்டாங்க. எறங்குனதும் வாசல்லயே செக்யூரிட்டி நின்னு கூட்டிட்டுப் போனாங்க, அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல. இதுல குழப்பம் எங்க வருதுன்னா, லித்தியம் பேட்டரி இருக்கறதால செக்-இன் பெட்டியில வேப் வைக்கக் கூடாது, கார்கோல தீப்பிடிச்சா யாரு போய் அணைக்கறது, அதனால பல ஏர்லைன்ல கைப்பையில கொண்டுவரச் சொல்றாங்க. கொண்டுவர விட்டா இழுக்கவும் விடுவாங்கன்னு நெனச்சுக்கறாங்க. அங்க சார்ஜ் போடக்கூட அனுமதி கிடையாது.

ரெட் சேனல்
ஜன்னலோரம், சிங்கப்பூர்ல கைப்பையில இருந்தாலே கதை முடிஞ்சுது. என்கூட வந்தவரு பையை ஸ்கேன்ல நிறுத்திட்டாங்க. "நான் இங்க ஒரு தடவைகூட இழுக்கலையே"ன்னு அவரு, "வெச்சிருக்கறதே குத்தம் சார்"னு ஆபீசர், ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாங்க, ஆனா ஃபைன் ஃபைன்தான். 2018 பிப்ரவரியில இருந்தே வாங்கறது, வெச்சிருக்கறது, இழுக்கறது மூணுமே தப்பு. 2025 செப்டம்பர்ல இன்னும் இறுக்கிட்டாங்க, முதல் தடவைக்கே பெரியவங்களுக்கு 700 டாலர், 18 வயசுக்குக் கீழன்னா 500. எட்டோமிடேட்னு மயக்க மருந்து கலந்தது சிக்குனா போதைப்பொருள் கேஸ். இறங்குனதும் நீங்களா ரெட் சேனல்ல (கஸ்டம்ஸ்ல பொருளைக் காட்டிச் சொல்ற வழி) போய் சொல்லி ஒப்படைச்சிட்டா தண்டனை இல்ல, அதை யாரும் முன்னாடியே சொல்றதில்ல.

மழைக்கோட்டு
இங்கிலாந்து வேற மாதிரி. 2007ல வந்த புகைத் தடைச் சட்டம் எரியற பொருளுக்குத்தான், வேப் அதுல வராது. அதனால பப் உள்ள இழுக்கலாமா வேணாமான்னு ஓனர் முடிவு. ஆனா ஸ்டேஷன் பிளாட்பாரத்துல ஒருத்தர் ஊதுனப்ப ஸ்டாஃப் வந்து நிறுத்தச் சொல்லவும், "எந்தச் சட்டம், காட்டு"ன்னு ஒரே சண்டை. ரயிலுக்குன்னு தனி ரூல் இருக்குங்க, அங்க அதுதான் செல்லும். 2025 ஜூன் 1ல இருந்து தூக்கிப்போடற டைப் விக்கறதுக்குத்தான் தடை, அதைப் படிச்சிட்டு வேப்பே தடைன்னு வாட்ஸாப்ல சுத்திச்சு பாருங்க, தாங்கல.

நடுராத்திரி
இந்தியா பத்தி யாரும் சொல்லலையே. 2019 சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், ஸ்டாக் வைக்கறதுன்னு வரிசையா தடை போட்டிருக்கு, முதல் தடவைக்கு 1 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லாட்டி 1 லட்சம் வரைக்கும் ஃபைன் (ஸ்டாக்குக்கு மட்டும் 6 மாசம், 50 ஆயிரம் வரைக்கும்), ரெண்டும் சேர்ந்தும் வரலாம். "அந்த வரிசையில பயன்படுத்தறதுன்னு இல்லையே, இழுத்தா தப்பில்ல"ன்னு என் ஃப்ரெண்டு வக்கீல் மாதிரி பேசுவான். ஒரு தடவை ரோட்டோரம் போலீஸ் நிறுத்தி கேட்ட மொத கேள்வியே "எங்க வாங்குன?" அதோட பேச்சு நின்னுபோச்சு. வெளிநாட்டுல இருந்து ஆன்லைன்ல ஒண்ணே ஒண்ணு வரவழைச்சாலும் இறக்குமதிதானே.

ரெண்டு பிள்ளைங்க
எனக்கு வேப் இழுக்கறவங்க வாதம்தான் எரிச்சல். வெயிட்டிங் ஹால்ல ஒருத்தர் குழந்தைங்க பக்கத்துல உக்காந்து ஊதறாரு, சொன்னா "போர்டுல சிகரெட் படம்தான இருக்கு"ங்கறாரு. வாசனை நல்லாத்தான் இருக்கு, அதுக்காக என் பொண்ணு ஏன் அதை சுவாசிக்கணும்?

புதுசு
அண்ணே ஒரு டவுட், நிக்கோடின் இல்லாத ஃப்ளேவர் மட்டும்னா இந்தியாவுல ஓகேவா?

நடுராத்திரி
இல்ல தம்பி. நிக்கோடின் இருந்தாலும் இல்லாட்டியும்னே சட்டத்துல எழுதியிருக்கு, இ-ஹூக்காவும் சேர்த்து.