அடுப்பைப் பிடுங்கிவிட்டு ஏ.எம்.சி ஏற்றினால் அதற்குப் பேர் பராமரிப்பா?

மஞ்சக்குப்பத்தார்:
கொடைக்கானல் இ-பாஸ் இழையில் லாஸ்பேட்டைக்காரர் ஒரு முத்தை உதிர்த்திருந்தார். "டைம்ஷேர் வாங்கிவிட்டுப் புலம்புகிறவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்காதவர்கள். அறையில் அடுப்பு இருந்தது சலுகை, உரிமை இல்லை. வருஷக் கட்டணம் ஏறாமலே இருக்க இது ரேஷன் கடையா?" அங்கே பதில் எழுதினேன், தலைப்பு மாறுகிறது என்று அழித்துவிட்டார்கள். சரி, தனி இழை.

நெய்வேலியில் வேலையில் இருந்தபோது வாங்கிய டைம்ஷேர் மெம்பர்ஷிப் இது, முதலில் ஒரு பெரிய தொகை கட்டிவிட்டால் வருஷா வருஷம் சில நாள் ரிசார்ட் அறையில் தங்கலாம், 25 வருஷத்துக்கு. கடலூரில் ஒரு ஹோட்டல் ஹாலுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி, டீயும் சமோசாவும் கொடுத்து உட்கார வைத்தார்கள். காட்டிய ஆல்பத்தில் முதல் பக்கமே சமையல் மேடைதான். அடுப்பு, குக்கர், நாலு தட்டு, ஒரு சின்ன ஃபிரிட்ஜ். "அரிசி பருப்பு மட்டும் எடுத்துட்டுப் போங்க சார், உங்க வீடு மாதிரி" என்றான் அந்தப் பையன். என் வீட்டம்மா தலையாட்டியது அந்த மேடையைப் பார்த்துத்தான். மலையைப் பார்த்து அல்ல. இன்றைக்கு அதே அறையில் மேடை இருக்கிறது, அடுப்பு இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி. கேட்டால் கீழே பஃபே இருக்கிறதாம். இதற்கு ஏ.எம்.சி என்கிற வருஷப் பராமரிப்புக் கட்டணம் வேறு ஏறுகிறது. லாஸ்பேட்டைக்காரர் வந்து இது எப்படி "சலுகை" என்று சொல்லட்டும்.

லாஸ்பேட்டைக்காரர்:
வந்துவிட்டேன் சார், தனி இழைக்கு நன்றி. ஒப்பந்தத்தில் "அறையில் உள்ள வசதிகள் நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டவை" என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதில் இருக்கிறது. உங்களுடையதிலும் இருக்கும், சமோசா சாப்பிடும் அவசரத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் வருஷா வருஷம் போகிறேன். படுக்கை சுத்தம், வெந்நீர் வருகிறது, பிள்ளைகளுக்கு விளையாட இடம் இருக்கிறது. லீவுக்குப் போன இடத்தில் என் மனைவி எதற்கு அடுப்படியில் நிற்க வேண்டும்? அடுப்பு இல்லாததுதான் அவருக்கு லீவு. ஆளுக்குச் சம்பளம் ஏறுகிறது, கரண்ட் ஏறுகிறது, பெயின்ட் ஏறுகிறது. கட்டணம் மட்டும் நீங்கள் நெய்வேலியில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே நிற்க வேண்டுமா?

மஞ்சக்குப்பத்தார்:
கையெழுத்துப் போட்டது கடலூரில். அதைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை, என்னை ஒப்பந்தம் படிக்கச் சொல்கிறார்.

ஏறக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? விலைவாசி அளவுக்கு ஏறட்டும். நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 2023-24ல் 5.4 சதவீதம், 2024-25ல் 4.6. இவர்கள் ஏற்றுவது எட்டு சதவீதம். எட்டு என்றால் 9 வருஷத்தில் இரட்டிப்பு, 18 வருஷத்தில் நாலு மடங்கு. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இத்தனையும் வாங்கிக்கொண்டு அடுப்பை எடுக்கிறார்கள். நாலு மடங்கு கட்டினால் நாலு அடுப்பு அல்லவா வைக்க வேண்டும்?

உங்கள் வீட்டம்மா சமைக்க வேண்டாம் சார். பேரப்பிள்ளைக்குப் பால் காய்ச்சுவது யார்? ராத்திரி பதினொரு மணிக்கு ரூம் சர்வீஸைக் கூப்பிட்டால் ஒரு டம்ளர் பாலுக்கு 90 ரூபாய் பில், அதுவும் முக்கால் மணி கழித்து, ஆறிப்போய்.

புதுப்பாளையம் பொண்ணு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அப்பா பெயரில் இதே மாதிரி ஒரு மெம்பர்ஷிப் இருக்கிறது. அவர் போன வருஷம் தவறிவிட்டார். இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி. என் பெயருக்கு மாற்ற ஒரு கட்டணம் கேட்கிறார்கள், மாற்றாவிட்டாலும் ஏ.எம்.சி நிலுவை ஏறிக்கொண்டே போகும் என்கிறார்கள். எனக்கு இது வேண்டாம். வெளியே வர வழி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

உப்புக்காத்து:
90 ரூபாய்க்குப் பாலா? தேவனாம்பட்டினம் பீச்சில் அந்தக் காசுக்கு ஒரு குடும்பமே சுண்டல் சாப்பிடும்.

லாஸ்பேட்டைக்காரர்:
அடுப்பை ஏன் எடுத்தார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? நான் சொல்கிறேன். ஏற்காட்டில் எனக்குப் பக்கத்து அறையில் ஒரு குடும்பம் ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் கொண்டுவந்து வறுத்தது. நம் பக்கத்து வண்டி, டி.என் 31. மாடி முழுக்க வாடை. எதிர் அறைக்காரர்கள் கீழே போய்ச் சத்தம் போட்டார்கள். திரைச்சீலையில் வாடை ஒரு வாரம் நிற்கும். அப்புறம் அடுப்பை எடுக்காமல் என்ன செய்வார்கள்?

மஞ்சக்குப்பத்தார்:
டி.என் 31 என்றால் கடலூர். ஆக, அடுப்பு போனதற்குக் கடலூர்க்காரன்தான் காரணம். நேராகவே சொல்லியிருக்கலாமே.

முதலில், நாங்கள் வீட்டில் மீனே எடுப்பதில்லை. அறையில் வைத்தது ரசம், பருப்பு, சாதம், பேரனுக்குப் பால். இரண்டாவது, ஒருத்தர் வறுத்தால் அவருக்கு அபராதம் போடு. மாடி முழுக்க அடுப்பைப் பிடுங்குவது என்ன நியாயம்? ஒருத்தன் நீச்சல் குளத்தில் சோப்புப் போட்டுக் குளித்தான் என்று குளத்தையே மூடுவார்களா? மன்னிக்கவும், அதையும்தான் மூடிவிட்டார்கள். தண்ணீர் பச்சையாக நிற்கிறது, சுற்றி ஒரு கயிறு கட்டி "பராமரிப்பில் உள்ளது" என்று பலகை. போன வருஷமும் அதே பலகைதான்.

மூன்றாவது, அது கேஸ் அடுப்பு இல்லை, இண்டக்‌ஷன். தீ பிடிக்கும் என்ற கதையும் ஓடாது. ரிசப்ஷனில் அந்தப் பெண் "ஃபயர் சேஃப்டி சார்" என்றது. கீழே பஃபேயில் வரிசையாகத் தகர டப்பாவில் ஸ்பிரிட் விளக்கு எரிகிறது, அதற்கு ஃபயர் சேஃப்டி இல்லையா?

வில்லியனூரான்:
அடுப்பை விடுங்கள். வேலைக்கு ஆகிற விஷயம் பேசலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் என்ன ஊர் நீதிமன்றம் என்று அச்சடித்திருந்தாலும் சரி. தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது தனி நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒரு ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது, 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. சேவைக் குறைபாடு என்றால் மாவட்டம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிடப் போகிறீர்கள் என்றால் அது மாநில ஆணையம். கடலூர்க்காரர்களுக்குச் சென்னை, எங்களுக்குப் புதுச்சேரியிலேயே இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

மஞ்சக்குப்பத்தார்:
தகவலுக்கு நன்றி. ஆனால் "அடுப்பை விடுங்கள்" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அடுப்பை விட்டால் வழக்கே இல்லையே. ஆல்பத்தில் காட்டியதைக் கொடுக்காததுதான் குறைபாடு.

லாஸ்பேட்டைக்காரர்:
ஆல்பம் ஒப்பந்தம் ஆகாது. அதில் கடலும் மலையும் சேர்ந்து ஒரே படத்தில் இருந்திருக்கும், அதையும் கேட்பீர்களா?

வில்லியனூரான்:
விளம்பரத்தில் காட்டிவிட்டுக் கொடுக்காவிட்டால் அதுவும் கேள்விக்கு வரும் சார். தவறான விளம்பரம் என்பதற்குச் சட்டத்திலேயே விளக்கம் உண்டு.

லாஸ்பேட்டைக்காரர்:
வக்கீல் நோட்டீஸ் இலவசமாகக் கிடைக்கிற ஊர் வில்லியனூர். தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். கடற்கரை ரிசார்ட்டுகளுக்கு எவ்வளவு செலவு தெரியுமா? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனை கூரை போனது, எத்தனை மோட்டார் போனது. உப்புக்காற்றில் ஏ.சி மெஷின் மூன்று வருஷம் தாங்காது. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? மெம்பர் கட்டினால்தானே.

உப்புக்காத்து:
என் பெயரை ஏன் இதில் இழுக்கிறீர்கள்?

அப்புறம், புயல் என்றால் பாண்டிக்கு மட்டும் சொந்தமா? 2011 டிசம்பர் 30ல் வந்த 'தானே' புயலை மறந்துவிட்டீர்களா? கடலூரில் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு போனது. முந்திரி நட்டால் காய்க்க எத்தனை வருஷம் என்று பண்ருட்டிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். 2004 சுனாமி, 2015 வெள்ளம், எல்லாவற்றிலும் எங்கள் பேரும் உண்டு. நாங்கள் யாரிடமும் ஏ.எம்.சி ஏற்றி வாங்கவில்லை.

லாஸ்பேட்டைக்காரர்:
புயலில் யார் பெரியவன் என்று போட்டி வைத்தால் கடலூருக்கே கோப்பை. எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மட்டும் எல்லாரும் எங்கள் ஊருக்குத்தான் வருகிறீர்கள்.

உப்புக்காத்து:
பீச் ரோட்டில் நடக்க வருகிறோம்.

லாஸ்பேட்டைக்காரர்:
திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்டில் டிக்கியைத் திறக்கச் சொல்வது நடைப்பயிற்சிக்காகத்தான், இல்லையா.

மஞ்சக்குப்பத்தார்:
நான் குடிப்பதில்லை. மீனும் இல்லை, குடியும் இல்லை. அடுப்பு ஒன்றுதான் கேட்டேன்.

புயல் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அந்தக் காசு யார் கைக்குப் போகிறது? கட்டடம் கம்பெனி பெயரில், இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயரில், பழுது மட்டும் என் பெயரிலா? வரவு செலவுக் கணக்கைக் காட்டு என்று மெயில் போட்டேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு லட்சம் கட்டினால் பெரிய அறைக்கு அப்கிரேடு என்று ஒரு படம். அந்தப் படத்தில் என்ன இருந்தது தெரியுமா? சமையல் மேடை! அடுப்போடு!

புதுப்பாளையம் பொண்ணு:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. பெயர் மாற்றாமல் விட்டால் வாரிசு என்று என்னிடம் நிலுவையைக் கேட்க முடியுமா?

மஞ்சக்குப்பத்தார்:
அம்மா, அப்பாவுக்கு என் அஞ்சலி. எந்த வருஷம் வாங்கினார்? அவர் அறையில் அடுப்பு இருந்ததா என்று ஞாபகம் இருக்கிறதா? பழைய ஆல்பம் வீட்டில் இருந்தால் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடு.

புதுப்பாளையம் பொண்ணு:
ஆல்பம் எல்லாம் தெரியாது ஐயா. சின்ன வயதில் ஊட்டியில் மேகி செய்து சாப்பிட்டோம், அது ஞாபகம் இருக்கிறது. நான் கேட்டது வேறு.

மஞ்சக்குப்பத்தார்:
எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். மேகி. அடுப்பு இல்லாமல் மேகி எப்படி வரும்?

லாஸ்பேட்டைக்காரர்:
கெட்டிலில் வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். மே மாதம் ஊட்டியில் நல்ல அறை ஒரு ராத்திரிக்கு 7,000. ஏழு ராத்திரிக்கு 49,000. நான் கட்டும் ஏ.எம்.சி 22,000. மிச்சம் 27,000. இதில் புலம்ப என்ன இருக்கிறது?

மஞ்சக்குப்பத்தார்:
22,000க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி 3,960. அதை ஏன் சொல்லவில்லை? நீங்கள் சொல்லும் 7,000 ரூபாய் அறைக்கு இப்போது ஜி.எஸ்.டி 5 சதவீதம்தான், 2025 செப்டம்பர் 22 முதல். 51,450 ஆகிறது. முதலில் கொட்டிய 3 லட்சத்தை பேங்கில் போட்டிருந்தால் ஏழு சதவீதத்துக்கு வருஷம் 21,000 வட்டி. கூட்டுங்கள், 46,960. உங்கள் லாபம் நாலாயிரத்துச் சொச்சம். நாலு பேருக்கு ஒரு நாள் பஃபேக்கே அது காணாது. அடுப்பு இருந்தால் அந்த நாலாயிரமாவது மிஞ்சும். அதுவும் மே மாதம் அறை கிடைத்தால். எனக்கு நீல சீசன், அதாவது கூட்டம் குறைந்த மாதங்கள்தான், கிடைப்பதெல்லாம் மழைக்காலத்தில் மூணாறு. கூட்ட மாதங்களுக்கான சிவப்பு சீசன்காரர்களுக்கே மே மாதம் "ஃபுல்" என்கிறார்கள். அதே நாளுக்கு அதே ரிசார்ட்டை ஹோட்டல் புக்கிங் ஆப்பில் பார்த்தால் அறை இருக்கிறது. காசு கொடுக்கும் வெளியாளுக்கு உண்டு, மெம்பருக்கு இல்லை.

வில்லியனூரான்:
இதுதான் நல்ல பாயின்ட். அந்த ஆப் பக்கத்தையும் "ஃபுல்" என்று வந்த பதிலையும் ஒரே நாளில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தீர்களா?

மஞ்சக்குப்பத்தார்:
அடுப்பு இருந்த இடத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

லாஸ்பேட்டைக்காரர்:
3 லட்சத்தை பேங்கில் போட்டிருந்தால் நீங்கள் ஊட்டிக்கே போயிருக்க மாட்டீர்கள் சார். பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி வந்திருப்பீர்கள்.

மஞ்சக்குப்பத்தார்:
சுற்றினாலும் வீட்டுக்கு வந்து சூடாக ரசம் சாப்பிட்டிருப்பேன்.

ஆல்பத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், இதோ. இப்போது சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைக்காரர்:
படம் மங்கலாக இருக்கிறது. அது அடுப்பா, கை கழுவும் தொட்டியா?

மஞ்சக்குப்பத்தார்:
அடுப்பு.

உப்புக்காத்து:
எனக்கு டி.வி மாதிரி தெரிகிறது.

மஞ்சக்குப்பத்தார்:
டி.வி எங்காவது படுத்திருக்குமா? பேரன் சாயங்காலம் டியூஷன் முடிந்து வருவான், அவன் போனில் தெளிவாக எடுத்துப் போடுகிறேன். அதுவரை யாரும் இழையைப் பூட்ட வேண்டாம்.