14700கே-வா, 7800எக்ஸ்3டி-யா? ஏசி இல்லாத மாடியறைக்கு எது?

மாடியறை:
ஊர் திருச்சி. மொட்டை மாடிக்கு நேர் கீழே என் அறை, ஏசி கிடையாது. மே மாதத்தில் இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு வாங்கியாகிவிட்டது, மானிட்டர் 1440பி. ப்ராசஸர்தான் பாக்கி. இன்டெலின் கோர் ஐ7-14700கே வாங்கி 360 மி.மீ. ரேடியேட்டர் உள்ள லிக்விட் கூலர் போடலாமா, ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்கி ஏர் கூலரோடு நிறுத்திக்கொள்ளலாமா? பெரும்பாலும் கேம்தான், வாரம் ஒரு வீடியோ எடிட் செய்வேன்.

தூசிதட்டி:
கேம்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், 7800எக்ஸ்3டி. எட்டே கோர், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். கேம் அடிக்கடி கேட்கும் தரவுக்கு ராம் வரை ஓடாமல் பக்கத்திலேயே கை வைத்து எடுத்துவிடும். பெரும்பாலான கேம்களில் 50 முதல் 80 வாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். 14700கே-வுக்கு இன்டெலே 253 வாட் வரை உச்சம் கொடுத்திருக்கிறது. அந்த அறையில் இரண்டு குண்டு பல்பை எரியவிட்டு உட்காருவீர்களா?

சில்லுவண்டு:
253 என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள் தூசிதட்டி. அது எல்லாக் கோர்களும் ரெண்டரிங்கில் ஓடும்போது. கேமில் அதில் பாதியை ஒட்டித்தான் வரும். அவர் எடிட்டிங்கும் செய்கிறாரே, அதைப் படிக்கவில்லையா? 20 கோர், 28 த்ரெட். ரெண்டரிங்கில் 7800எக்ஸ்3டி-யைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். வீடியோவை வேகமாக மாற்றித் தரும் குயிக் சிங்க் வேறு உள்ளேயே இருக்கிறது. 1440பி-யில் பல கேம்களில் கிராபிக்ஸ் கார்டுதான் முட்டி நிற்கும், ப்ராசஸர் எதுவானாலும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பெரிதாக மாறாது. சூட்டுக்கு 360 லிக்விட் கூலர். முடிந்தது.

தூசிதட்டி:
எங்கே முடிந்தது? கூலர் சூட்டை விழுங்குவதில்லை. ப்ராசஸரிலிருந்து வாரி அறைக்குள் கொட்டுகிறது, அவ்வளவுதான். ரேடியேட்டர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது. 22 டிகிரி அறையில் எடுத்த ரிவ்யூவில் 70 டிகிரி என்று காட்டினால், உங்கள் 36 டிகிரி அறையில் 84 என்று வையுங்கள். இன்னொன்று: 2024-இல் உங்கள் 14700கே உட்பட இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் வோல்டேஜ் ஏறிக் கிராஷ் ஆனதை மறந்துவிட்டீர்களா? இன்டெல் வாரண்டியையே இரண்டு வருடம் நீட்டிக்க வேண்டி வந்தது.

சில்லுவண்டு:
மறக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே அதைச் சரிசெய்ய 0எக்ஸ்129 மைக்ரோகோடு, அதாவது பயாஸ் வழியாகச் சில்லுக்குப் போகும் திருத்தம், வந்துவிட்டது. புதுச் சில்லு வாங்குபவர் முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன சில்லு அதனால் பிழைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் செல்லப் பிள்ளை மட்டும் குளிர்ச்சியா? 7800எக்ஸ்3டி-யில் அந்தக் கூடுதல் கேஷ் கோர்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, கோரின் சூடு அதைத் தாண்டித்தான் கூலருக்கு வர வேண்டும். அதனால்தான் வாட் குறைவாக இருந்தும் டெம்பரேச்சர் ஏறுகிறது. உச்ச வரம்பும் 89 டிகிரிதான், 14700கே-வுக்கு 100. ஏஎம்டியே அடுத்து வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷைக் கோர்களுக்குக் கீழே தள்ளிவிட்டதே, சும்மாவா? அப்புறம், 4070 சூப்பர் மட்டும் 220 வாட். அதை விட்டுவிட்டு ப்ராசஸரின் ஐம்பது அறுபது வாட்டுக்கு இத்தனை சண்டை!

பழையகணினி:
சில்லுவண்டு கடைசியில் சொன்னது நியாயம். மாடியறை தம்பி, நீங்கள் எதை வாங்கினாலும் எஃப்பிஎஸ்ஸை 100-இல் கட்டிப்போடுங்கள். பல கேம்களில் கிராபிக்ஸ் கார்டின் மூச்சிரைப்பு உடனே குறையும். ஆனால் லிக்விட் கூலர் விஷயத்தில் நான் தூசிதட்டி பக்கம். ஏர் கூலரில் கெட்டுப்போவது ஃபேன் ஒன்றுதான், எந்தக் கடையிலும் வாங்கி மாட்டலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். என்னுடையது மூன்றாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றது. திங்கள்கிழமை வரை கணினி இல்லை, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

இரட்டை டவர் ஏர் கூலர் போதும். கேபினட்டில் உயரத்தை மட்டும் அளந்து வாங்குங்கள், இவை பலவும் 155 மி.மீ. அளவில் நிற்கும். 7800எக்ஸ்3டி மாதிரி ஏஎம்5 சாக்கெட் ப்ராசஸரின் மூடி ஓரத்தில் வெட்டு வெட்டாக இருக்கும், தெர்மல் பேஸ்ட்டை அள்ளி வைத்தால் அதற்குள் புகுந்துவிடும். ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்குப் பிறகும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 14700கே-வின் சாக்கெட்டோ அந்தத் தலைமுறையோடு முடிந்தது. அது சரி, கேபினட்டை எங்கே வைக்கப் போகிறீர்கள்?

மாடியறை:
7800எக்ஸ்3டி, இரட்டை டவர் வாங்கி மாட்டிவிட்டேன். எடிட்டிங் கொஞ்சம் மெதுவாக ஓடினால் ஓடட்டும், அந்த நேரம் சாப்பிடப் போவேன். ஆனால் அரை மணி நேரம் விளையாடினால் 86 டிகிரி! பழையகணினி அண்ணன் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் மேசையில் கேபினட்டுக்கென்று ஒரு பெட்டி இருக்குமே, மூன்று பக்கமும் பலகை, பின்னால் சுவர், அதற்குள் இருக்கிறது. கையை உள்ளே விட்டால் இட்லிப் பானை போல ஆவி. பின்னால் போன சூட்டுக் காற்றே சுற்றி வந்து முன் ஃபேனில் நுழைந்துகொண்டிருந்தது. வெளியே இழுத்து, தரையில் பலகை போட்டு வைத்தேன். அதே கேம், அதே அரை மணி நேரம், 77.

தூசிதட்டி:
பார்த்தீர்களா? கூலர் காற்றைத்தான் நம்பி இருக்கிறது.

சில்லுவண்டு:
அந்த 9 டிகிரி மேசை செய்த ஆசாரியின் கணக்கு. அதை ஏஎம்டி வரவில் எழுதாதீர்கள்.