பொருள்: மூரிங் — திங்கட்கிழமைக்குள் ஒரு சொல்

ந.:
வணக்கம். தேம்ஸ் ஆற்றில் சொந்தப் படகுக்கு மூரிங் போடுவோருக்கான கையேடு திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. அதற்குள் 'மூரிங்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் ஆற்றடியில் கிடக்கும் எடை, சங்கிலி, மிதவை எல்லாம் சேர்ந்த அமைப்பையும் குறிக்கிறது. படகு நிற்கும் இடத்தையும், அங்கே கட்டிக்கொள்ளும் உரிமையையும் குறிக்கிறது. 'நங்கூரமிடல்' ஆகாது. நங்கூரம் படகோடு வந்து படகோடு போய்விடும். இது ஆற்றடியிலேயே கிடப்பது. அதனால்தான் உரிமமே கேட்கிறார்கள். டெடிங்டனுக்குக் கீழே, ஓதம் (கடல் ஏற்றவற்றம்) ஏறும் பகுதியில், லண்டன் துறைமுக ஆணையத்திடம் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆற்றுப்பணி உரிமம் வாங்கவேண்டும். அதற்கு மேலே சுற்றுச்சூழல் முகமை. ஆற்றடி யாருடையது என்பதையும் பார்க்கவேண்டும்.

கு.:
சொல் கைவசம் இருக்கிறதே! 'பணைநிலைப் புரவியின் அணைமுதல் பிணிக்கும்' என்கிறது பட்டினப்பாலை. நெல்லோடு வந்த பஃறியை, அதாவது படகை, முளையில் கட்டிய காட்சி. ஆகவே பிணையம். ஒற்றை மிதவையில் கட்டி, ஓதத்தோடு படகு சுற்றும் வகைக்குத் தூங்குபிணையம். 'தூங்கு நாவாய்' அதே பாட்டில்தான்; அங்கே தூங்குதல் என்றால் அசைதல். நங்கூரமும் 'நன்+கூர்' என்பதே என் கருத்து. அது பாரசீக 'லங்கர்' என்பதிலிருந்து வந்தது என்ற கதையை நான் ஏற்பதில்லை.

மு.:
ஐயா, உரிமக் கையேட்டில் 'பிணை' என்றால் ஜாமீன் கட்டச் சொல்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். 'தூங்கு' அதைவிட மோசம். படகில் குடியிருப்பதற்குத் தனி இசைவு வேண்டும் என்று அடுத்த பக்கத்திலேயே வருகிறது. 'கட்டுமிதவை' போதும்.

ச.:
எந்தச் சொல் வந்தாலும் உறுப்புகள் குழம்பக்கூடாது. அடியில் எடைக்கட்டை: 1000 கிலோ காங்கிரீட் நீருக்குள் ஏறக்குறைய 580 கிலோவாகத்தான் நிற்கும், வார்ப்பிரும்பு 860. கட்டையிலிருந்து தடித்த தரைச்சங்கிலி, அப்புறம் சுழலி, அதற்குமேல் மெல்லிய எழுசங்கிலி, மிதவை. ஓதம் நாளுக்கு நாலு முறை திரும்பும்; சுழலி இறுகிவிட்டால் சங்கிலி முறுக்கேறிக் குட்டையாகும். முதலில் தேய்வது தரையில் எழுந்து எழுந்து விழும் கண்ணிகள். சங்கிலிகளை இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் ஊசியைக் கம்பியால் கட்டாவிட்டால் தானே கழன்றுவிடும்.

பலர் வரைபடத்தில்தான் தவறுகிறார்கள். சங்கிலி நீளத்தை உயர்நீருக்குக் கணக்கிடவேண்டும். படகு சுற்றும் வட்டத்தையோ தாழ்நீருக்குப் போடவேண்டும், அப்போதுதான் சங்கிலி படுத்து வட்டம் விரியும். லண்டன் பாலத்தருகே பேரோத (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓதம்) வேறுபாடு 7 மீட்டரை எட்டும். உயர்நீர் வட்டத்தை வரைந்து கொடுத்தவர் படகு, நீர் வற்றும்போது பக்கத்துப் படகில் போய் இடிக்கும்.

ந.:
'கட்டுமிதவை'யில் ஒரு சட்டச் சிக்கல். துறைமுக ஆணையத்தின் இசைவோடு போடும் மூரிங்குக்குக் கடல்சார் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு, பாண்டூனுக்கு இல்லை. பாண்டூனுக்கு நாம் முன்பே 'மிதவைமேடை' என்று போட்டாயிற்று. இரண்டிலும் மிதவை வந்தால் விலக்கு தனக்கும் உண்டென்று பாண்டூன்காரர் நம்பிவிடுவார்.

ப.:
எங்கட பக்கம் வள்ளத்தைக் கட்டுறது எண்டுதான் சொல்லுறது. கட்டு எண்டே விடுங்கோவன்.

மு.:
சரி. படகுக்கட்டு, கட்டுமிடம், கட்டுரிமை. மூன்றும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

ந.:
நான்கு பேர் ஒப்புதல். முதல் இடத்தில் மட்டும் 'மூரிங்' என்று சேர்த்து எழுதி அனுப்புகிறேன்.

கு.:
மாவுக்கட்டு வரிசையில் படகுக்கட்டா? என் எதிர்வாக்கைப் பதிந்துகொள்ளுங்கள். 'லங்கர்' பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.